வராதவர்களின் பட்டியல்

புதிதாகச் சேகரத்துக்கு மாற்றலாகி வரும் ஐயர்மார், வாலிபர் ஐக்கியத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றிருக்கும் தம்பி தங்கைகள், சில நேரம் பெற்றோரும்கூட என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். பிள்ளைகளை வரவைக்க என்ன செய்யலாம்? கிட்டார் வாங்கலாமா, புரொஜெக்டர் மாட்டலாமா, கொடைக்கானலுக்கு ரிட்ரீட் கூட்டிப்போகலாமா என்று வரிசையாகக் கேட்பார்கள். எல்லாம் செய்யலாம், செய்தும் இருக்கிறோம். ஆனால் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது வேறு. அந்தப் பையன் ஒரு வாரம் வராவிட்டால் உங்கள் கூட்டத்தில் என்ன நின்றுபோகும்? ஒன்றும் நிற்காது என்றால், அவன் வராததில் ஆச்சரியம் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், தாமிரபரணிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊர் சி.எஸ்.ஐ. சபையில் நான் இந்தப் பொறுப்பை ஏற்றபோது, ஞாயிறு மாலைக் கூட்டத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஆரம்ப ஜெபம், இரண்டு பாட்டு, வெளியூரிலிருந்து வந்த ஒருவரின் நீண்ட செய்தி, முடிவு ஜெபம், டீ. காலை ஆராதனையில் உட்கார்ந்து கேட்ட பிள்ளைகள் மாலையிலும் உட்கார்ந்து கேட்டார்கள். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்திலும் அதையேதான் செய்தார்கள். நான் பள்ளி ஆசிரியன் என்பதால் அந்த முகங்களில் இருந்த களைப்பு எனக்கு நன்றாகப் பழக்கம்.

வழி காட்டியது ஒரு பழைய அட்டை. எங்கள் அப்பா இளவயதில் கிறிஸ்தவ முயற்சி சங்கத்தில் இருந்தவர். அந்தச் சங்கம் 1881 பிப்ரவரியில், அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில், பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகரின் வீட்டில் ஆரம்பித்தது. அங்கிருந்து உலகமெல்லாம் பரவி, நம் தென்மாவட்டங்களிலும் வேர்விட்டது. அப்பாவின் அந்த அட்டையில் இருந்தது, சேரும் ஒவ்வொருவரும் எடுக்கவேண்டிய உறுதிமொழி. ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதாவது ஒரு பங்கை ஏற்பேன், பாடுவது அந்தக் கணக்கில் சேராது என்பது அதன் சாரம். பாடுவது சேராது என்று எழுதியவர் வாலிபர்களை நன்றாக அறிந்தவராக இருக்கவேண்டும். கூட்டத்தோடு கூட்டமாகப் பாடிவிட்டு வீடு திரும்புவது எளிது. தனிக்குரலில் நான்கு வசனம் வாசிப்பதற்கும், ஒரு வரி ஜெபிப்பதற்கும், போனவாரக் கணக்கைச் சொல்வதற்கும் எழுந்து நிற்கவேண்டும். எழுந்து நின்றவன் அடுத்த வாரமும் வருவான்.

அந்தச் சங்கத்தின் ஏற்பாடுகளில் என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது வேறொன்று. புதியவர்களைச் சேர்ப்பதற்கும், வராமல் போனவர்களை அன்போடு தேடிப்போவதற்கும் அவர்கள் தனியாக ஒரு குழு வைத்திருந்தார்கள். வந்தவர்களை எண்ணுவது எல்லாச் சபையிலும் நடக்கிறது. வராதவர்களைத் தேடுவதையே ஒரு வேலையாக, பெயர் வைத்து, ஆள் போட்டுச் செய்தவர்கள் குறைவு.

இந்த இரண்டையும் வைத்துத்தான் ஆரம்பித்தோம். முதலில் வேலைகளைப் பங்கிட்டோம். மிஷன் ஹாலின் சாவி, ஆம்பிளிஃபயர், வருகைப் பதிவு, உண்டியல் கணக்கு, வேத வாசிப்பு, நோயாளிகளைப் பார்க்கப் போவது, டீக்குப் பால் சொல்வது என்று எதையும் பெரியவர்கள் கையில் வைத்துக்கொள்ளவில்லை. பத்தாம் வகுப்பில் தவறி, வயரிங் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பையன் இருந்தான். கோயிலின் கடைசித் தூணோரம் நின்று பார்த்துவிட்டு, ஆசீர்வாதத்துக்கு முன்பே போய்விடுவான். அவனிடம் ஆம்பிளிஃபயரை ஒப்படைத்தோம். மறுவாரம் கூட்டத்துக்கு அரைமணி நேரம் முன்பே வந்து, மைக் ஒயரை முழுக்கப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “அண்ணாச்சி, இந்த ஜாயின்ட் எத்தன வருசமா இப்படிக் கெடக்கு? இதுனாலதான் ஐயர் பேசுறப்போ கரகரங்கு” என்றான். அந்தக் கரகரப்பை நாங்கள் எல்லோரும் அதுவரை மைக்கின் இயல்பு என்றே எடுத்துக்கொண்டிருந்தோம்.

கணக்கைப் பிள்ளைகளிடம் கொடுத்ததற்குக் கமிட்டியில் எதிர்ப்பு வந்தது. சின்னப் பிள்ளைகள் கையில் காணிக்கைப் பணமா என்று கேட்டார்கள். கேட்டதில் நியாயம் உண்டு. அதனால் இருவர் சேர்ந்து எண்ணுவது, இருவரும் கையெழுத்துப் போடுவது, மாதக் கடைசியில் வரவுசெலவை ஒரு சார்ட்டில் எழுதி ஹால் சுவரில் ஒட்டுவது என்று ஒழுங்கு வைத்தோம். கூடவே, எங்கள் பகுதியிலேயே உள்ள வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் அசரியாவை நினைவுபடுத்தினேன். 1902-இல் யாழ்ப்பாணம் போன அவர், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே ஊழியர்களை அனுப்பித் தாங்குவதைப் பார்த்தார். மறுவருடமே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்நின்றார். 1912-இல் தோர்ணக்கல்லின் பேராயரானார். சங்கம் தொடங்கியபோது அவருக்கு முப்பது வயது நிறையவில்லை. அந்தக் காலத்துப் பெரியவர்கள் அவரை நம்பியதால்தான் அது நடந்தது. கமிட்டி அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

நம் ஊர் வாலிபர் ஐக்கியத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிளஸ் டூ முடிந்ததும் பிள்ளைகள் கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர், துபாய் என்று போய்விடுவார்கள். இரண்டு வருடம் பழக்கிய ஆள் ஜூன் மாதத்தில் இருக்கமாட்டான். எனவே ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர் என்று வைத்தோம். ஒருவருக்குத் தெரியும், மற்றவர் கற்றுக்கொள்கிறார். பதினொன்றாம் வகுப்புப் பெண் கணக்கெழுதினால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பக்கத்தில் இருக்கும். ஊரைவிட்டுப் போகிறவர்களுக்குக் கடைசி வேலையும் ஒன்று இருந்தது: தான் செய்ததை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது. அந்தக் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ‘பால்காரரிடம் சனிக்கிழமையே சொல்லவேண்டும், ஞாயிறு சொன்னால் தரமாட்டார்’ என்பது போன்ற அறிவெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடைக்காது.

வேதபாடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒரு வசனத்தை எடுத்து முக்கால் மணிநேரம் விரிப்பதை விட்டுவிட்டு, ஒரு முழுப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் சத்தமாக வாசித்தோம். யோனா நான்கே அதிகாரம், 48 வசனம். ரூத்தும் நான்கு அதிகாரம்தான். பிலேமோனுக்கு எழுதிய நிருபம் 25 வசனத்தில் முடிந்துவிடும். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்குச் சில வசனமாக வாசிப்போம். பிறகு மூன்று கேள்விகள் மட்டும்: உனக்கு எது புரியவில்லை? யார்மேல் உனக்குக் கோபம் வந்தது? இதை யாரிடம் போய்ச் சொல்வாய்? யோனா முடிந்ததும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, “சார், கத முடியவே இல்லயே, கடவுள் கேள்வி கேட்டதோட நிக்குது. யோனா என்ன பதில் சொன்னாரு?” என்றாள். சிறுவயது முதல் மீன் வயிற்றுப் படத்துக்கு வண்ணம் தீட்டி வளர்ந்தவர்கள் அத்தனை பேரும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அன்றுதான் பார்த்தார்கள். பிலேமோனை வாசித்த நாளில், ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளச் சொல்வது நம் ஊருக்கு என்ன சொல்கிறது என்று பேச்சு திரும்பியது. அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். போகவிட்டேன்.

ஹாலின் மூலையில் மூடியில் துளைபோட்ட ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று இருந்தது. பெயர் எழுதாமல் கேள்வி எழுதிப் போடலாம். அப்பா குடியை விடுவதற்காக எவ்வளவு நாள் ஜெபிக்கவேண்டும் என்று ஒரு சீட்டு. நீட் எழுத விருப்பமில்லை, வீட்டில் எப்படிச் சொல்வது என்று ஒன்று. ஒரே பந்தியில் நற்கருணை வாங்குகிறவர்கள் கல்யாணம் என்று வந்தால் மட்டும் ஏன் சாதி பார்க்கிறார்கள் என்று ஒன்று. அந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் பல கையெழுத்தில், பல வருடங்களில் கேட்டிருக்கிறார்கள். இதற்குப் பதில் சொல்வது என் ஒருவனுடைய வேலை இல்லை என்பதால், சேகர ஐயரையும் கமிட்டிப் பெரியவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தோம். ஐயர் சுற்றிவளைக்காமல் பேசினார். பாவத்தைப் பாவம் என்றே சொன்னார். பெரியவர்களில் சிலர் எழுந்து போனார்கள். பிள்ளைகள் ஒருவரும் எழவில்லை. சபை இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லாதவரை வாலிபர்கள் நம்மை முழுதாக நம்பமாட்டார்கள். இதை எந்த மேடையிலும் சொல்வேன்.

பாதுகாப்பு விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்காத ஒழுங்குகள் சில உண்டு. எந்தப் பிள்ளையோடும் எந்தப் பெரியவரும் தனி அறையில் பேசுவதில்லை. கதவு திறந்திருக்கும், இன்னொருவர் பார்வையில் இருப்பார். பெண்பிள்ளைகள் வரும் பயணத்துக்கு அவர்களின் அம்மாக்களில் ஒருவராவது, அல்லது பெண்கள் ஐக்கியத்து அக்கா ஒருவர் கட்டாயம் வரவேண்டும். வாட்ஸ்அப் வந்தபிறகு, பொறுப்பில் இருப்பவர்கள் பிள்ளைகளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பக்கூடாது, குழுவில் மட்டுமே அனுப்பவேண்டும் என்று வைத்தோம். 18 வயதுக்குட்பட்டவர்களைப் பாதுகாக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீலை அழைத்துப் பொறுப்பாளர்களுக்கு வகுப்பு எடுக்கவைத்தோம். 1098 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி ஹாலில் ஒட்டியிருக்கிறோம். ‘நம்ம கோயில்ல அதெல்லாம் எதுக்கு’ என்று யாராவது கேட்டால், நம் கோயில் என்பதால்தான் என்று சொல்வேன்.

இனி, வராதவர்களின் பட்டியல் எழுதும் நோட்டு.

நீல அட்டை போட்ட நீள நோட்டு அது. வராதவர்களைத் தேடும் வேலையை ஏற்ற இரண்டு பேரிடம் இருக்கும். இரண்டு வாரம் தொடர்ந்து காணாதவர்களின் பெயரை எழுதி, அந்த வாரத்துக்குள் வீட்டுக்குப் போய்வருவார்கள். போகும்போது “ஏன் வரல?” என்று கேட்கக்கூடாது என்பது கண்டிப்பான ஒழுங்கு. அந்தக் கேள்வி போலீஸ்காரர் விசாரிப்பது போல இருக்கும். ஏதாவது ஒரு காரியத்தோடு போகவேண்டும். பழைய வினாத்தாள் கட்டு கொண்டுபோகலாம், ஒரு பாட்டுக்குக் குரல் தேவைப்படுகிறது என்று கேட்கப் போகலாம், அவர்கள் வீட்டு முருங்கைக்காய் கேட்டும் போகலாம். மற்றதை அந்த வீடே சொல்லிவிடும்.

அப்படித் தேடிப்போனபோதுதான் ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் கேன் போடும் வேலைக்குச் சேர்ந்திருப்பது தெரிந்தது. அப்பாவுக்குப் பனையிலிருந்து விழுந்து இடுப்பில் அடி. வீட்டுச் செலவுக்கு இவன் சம்பாத்தியமும் வேண்டியிருந்தது. வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல நாங்கள் யார்? கூட்டம் ஒன்றைப் புதன் இரவுக்கு மாற்றினோம். அவனிடம் ஒரு வேலையும் கொடுத்தோம். ஊரில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது உபதேசியாரைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். எந்த வீட்டில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள், யாரால் கேனைத் தூக்கிவைக்க முடியாது, எந்த வாசலில் படி உயரம், எங்கே நாய் என்று எல்லாம் சொல்வான். டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸுக்கு வழித்தடம் போடும் பொறுப்பு அவனுடையதானது.

அதுவரை கேரல் ரவுண்ட்ஸ் என்றால் டிரம், கிறிஸ்மஸ் தாத்தா, விடியவிடியச் சத்தம், காணிக்கை அதிகம் வரும் தெருக்கள் முதலில் என்று நடந்தது. இவன் போட்ட பட்டியல் வேறு மாதிரி இருந்தது. வெளியே வரமுடியாதவர்கள் இருக்கும் வீடுகள் முதலில், அவர்கள் தூங்குவதற்கு முன். அந்த வருடம் துக்கம் நடந்த வீட்டில் டிரம் இல்லாமல் ஒரு பாமாலை மட்டும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். எங்களுக்கோ அதற்குமேல் வெறுங்குரல் போதும் என்றாகிவிட்டது. வீட்டுக்கு வீடு நோட்டில் குறிப்பு ஏறியது. ‘தாத்தாவுக்குக் காது கேட்காது, கிட்டப் போய்ப் பாடு.’ ‘பாட்டி இன்சுலின், கேக் கொடுக்காதே.’ ‘மகன் சவூதியில், வீடியோ கால் போட்டுக் காட்டு.’ ஒவ்வொரு டிசம்பரிலும் புதிய பிள்ளைகள் அந்தக் குறிப்புகளைச் சரிபார்த்துத் திருத்தி எழுதினார்கள். கருப்பட்டிக் காபியும் முறுக்கும் கொடுத்து அந்த வீடுகள் பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகளாக்கிக்கொண்டன.

2023-க்குள் நான் பொறுப்பைக் கைமாற்றியிருந்தேன். நர்சிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்தான் தலைவி. டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. கேரல் ரவுண்ட்ஸ் பாதித் தெருக்கள் முடிந்திருந்தன. அன்று கொட்டத் தொடங்கிய மழை மறுநாளும் விடவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவில் பெய்தது என்று பிறகு அறிந்தோம். தாமிரபரணி கரைமீறியது, குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. எங்களுக்கு அந்தச் செய்தி எதுவும் வந்துசேரவில்லை. மின்சாரம் போய், செல்போன் சிக்னலும் போய்விட்டது.

இருட்டில் அந்தப் பெண் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய நோட்டோடு மிஷன் ஹாலுக்கு வந்தாள். ஹால் மேட்டில் இருக்கிறது. சாவி வைத்திருந்த பையன் ஏற்கெனவே திறந்திருந்தான். கேரலுக்குப் பிரித்த அதே குழுக்களைத் தெருவாரியாக அனுப்பினாள். நீச்சல் தெரிந்தவர்கள் மட்டும், ஒரு குழுவுக்கு மூன்று பேருக்குக் குறையாமல், கயிறு இல்லாமல் யாரும் போகக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினாள். யாரைத் தேடுவது என்ற குழப்பமே இல்லை. படியேற முடியாதவர்கள், தனியாக இருப்பவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் என்று எல்லோருடைய வீடும் வரிசையாக எழுதியிருந்தது. காது கேட்காத தாத்தாவின் கதவை வெளியே நின்று தட்டிக்கொண்டிருக்கவில்லை. பின்வாசல் வழியாக நேரே உள்ளே போனார்கள். கயிற்றுக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். தண்ணீர் கேன் போட்ட அந்தப் பையன் இப்போது சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்திருக்கிறான். தண்ணீர் ஏறாத மேட்டுத் தெருக்களில் ஓட்டி, ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தான்.

அசனப் பண்டிகை அண்டாக்கள் ஹாலுக்குப் பின்னால்தான் இருந்தன. நூற்றுக்கணக்கான பேருக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு தண்ணீர் என்பது அசனத்தில் பரிமாறி, விறகு தள்ளி வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியும். பெண்கள் ஐக்கியம் வீடுவீடாகச் சேர்த்த பிடி அரிசி மூட்டைகள் வெஸ்ட்ரியில் இருந்தன. விடிவதற்குள் கஞ்சி தயாரானது. இன்சுலின் குறிப்பு இருந்த பாட்டிமாருக்கு நேரத்துக்கு ஊசி போட்டாள் அந்தப் பெண். எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள். “சார், நீங்க வாசல்ல உக்காந்து வாரவங்க பேர எழுதுங்க. யாரு வரலன்னு நமக்குத் தெரியணும்.” வகுப்பில் நான் வருகைப் பதிவெடுத்த பிள்ளை அவள். எழுதினேன். அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களும் இஸ்லாமியக் குடும்பங்களும் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பாய், ஒரே கஞ்சி.

தண்ணீர் வடிந்தபிறகு கோயிலுக்குள் சேறு. கிறிஸ்மஸ் ஆராதனைக்கு முன் பிள்ளைகள் மண்வெட்டியால் தள்ளிச் சுத்தம் செய்தார்கள். மேடைக்கும் ஸ்டாருக்கும் ஒதுக்கியிருந்த பணத்தை என்ன செய்வது என்று அவர்களே கூடிப் பேசி, புத்தகம் சேற்றில் போன பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைடும் நோட்டும் வாங்கினார்கள். கணக்கை வழக்கம்போல் சார்ட்டில் எழுதி ஒட்டினார்கள்.

ஜனவரியில் நடந்த கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நோட்டு நனைந்து, பாதிப் பக்கங்களில் மை கலைந்துபோயிருந்தது. புதிதாக எழுதவேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கைதூக்கினான். “நம்ம சபை வீடு மட்டும் எழுதுனா எப்படிண்ணே? அன்னைக்கி நம்ம தெருவுல முத்தாரம்மன் கோயில் பக்கத்து வீட்டு ஆச்சி தனியா இருந்தாங்கன்னு யாருக்கும் தெரியல. அடுத்த வீட்டுக்காரங்க சத்தம் கேட்டுத்தான் போனோம்.” கொஞ்சநேரம் பேசினார்கள். கேட்காமல் எழுதினால் சிலருக்குப் பிடிக்காது, முதலில் வீட்டில் போய்க் கேட்கவேண்டும், யார் யார் போவது, நாட்டாண்மையிடமும் பள்ளிவாசல் ஜமாத்திலும் யார் சொல்வது என்று ஒவ்வொன்றாகத் தீர்மானித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, அவசியமும் இருக்கவில்லை. இப்போது அந்த நோட்டில் வீடுகள் தெருவாரியாக இருக்கின்றன. கதவு எண், வீட்டில் இருப்பவர்கள், மருந்து, அவசரத்துக்குக் கூப்பிடவேண்டிய எண் என்று நான்கு கட்டம். ஒரு பிரதி தலைவியிடம், ஒரு பிரதி பஞ்சாயத்து ஆபீசில். கைதூக்கிய பையனுக்கு மூன்று தெருக்களைக் கொடுத்திருக்கிறார்கள். அவன் இல்லாவிட்டால் அந்த மூன்று தெருக்களும் விட்டுப்போகும் என்பது அவனுக்குத் தெரியும். மழையோ பரீட்சையோ, புதன்கிழமை இரவு தவறாமல் வந்துவிடுகிறான்.